நாய் மாத்திரையை விழுங்கிவிட்டதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சாட்ஸ்வொர்த்தோ ஃபீனிக்ஸோ, டர்பனில் நம் வீட்டு டிராயரைத் திறந்தால் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று எல்லா மாத்திரையும் கிடக்கும். ஆயாவின், அதாவது பாட்டியின், கையிலிருந்து நழுவியதை நாய் ஒரே வாயில் விழுங்கிவிடும். அப்போது வீட்டில் எல்லாரும் சொல்வது: "நல்லாத்தானே இருக்கு, கொஞ்சம் பார்ப்போம்." மிக மோசமான தவறு இதுதான்.

பனாடோவில் உள்ள பாரசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். அளவு கூடினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். வலி மாத்திரைகளான ஐபுபுரூஃபனும் டைக்லோஃபெனாக்கும் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். மருந்தை வாந்தியாக வெளியே எடுப்பது பெரும்பாலும் முதல் ஓரிரு மணி நேரத்துக்குள்தான் பலன் தரும். அதாவது, நாய் வாலாட்டிக்கொண்டு சாதாரணமாக இருக்கும்போதே கால்நடை டாக்டருக்குப் போன் செய்துவிட வேண்டும்.

வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று வீட்டிலேயே உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். உடம்பில் சோடியம் ஏறி வலிப்பு வரும், உயிரே போகலாம். தொண்டைக்குள் விரல் விடுவதும் வேண்டாம். பால் எந்த மருந்தையும் முறிக்காது. மயக்கத்தில் இருக்கும் நாய்க்கும், பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கும் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்து உண்டு. டாக்டரிடம் இதற்கென்றே ஊசி இருக்கிறது.

அடுத்ததை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். என்ன மருந்து என்பதை மறைக்காதீர்கள். இந்த நாட்டில் காசநோய் மருந்து இருக்கும் வீடுகள் ஏராளம். எச்ஐவி உள்ளவர்களுக்குக் காசநோய் வராமல் தடுக்கவும் ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்தைக் கொடுக்கிறார்கள். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் "ஏதோ வைட்டமின்" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த மருந்தைச் சிதைக்க மனிதர்களுக்கு உள்ள ஒரு முக்கியமான வழி நாயின் உடம்பில் கிடையாது. சில மாத்திரைகளே கடுமையான வலிப்பை உண்டாக்கும். அதற்கு முறிவாகக் கொடுப்பது பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6. ஐசோனியாசிட் என்று தெரிந்தால்தானே டாக்டர் அதை எடுப்பார்? யாருடைய மாத்திரை என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. மருந்தின் பெயரை மட்டும் சொன்னால் போதும். கஞ்சா என்றாலும் அப்படித்தான்.

அப்புறம், மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கடித்துக் குதறியதாக இருந்தாலும் கையில் எடுத்துப் போங்கள். எத்தனை மாத்திரை குறைகிறது, எத்தனை மணிக்கு, நாயின் எடை எவ்வளவு என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டுமே சாப்பிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். ஆஸ்துமா பம்பைக் கடித்து ஓட்டை போட்டாலே நாயின் இதயம் தறிகெட்டு ஓடும். சர்க்கரை சேர்க்காத சில சிரப்களில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும்; அது அரை மணி நேரத்தில்கூட நாயின் ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும்.

கை நழுவி விழுந்தது ஒரு பக்கம். காய்ச்சல், நொண்டுகிறது என்று நாமே பாதி மாத்திரை கொடுப்பதும் இதே ஆபத்துதான். பூனைக்கு ஒரே ஒரு பனாடோ போதும், செத்துவிடும்.

சரி, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எந்த கிளினிக் திறந்திருக்கும் என்று இன்றே விசாரித்து, அந்த நம்பரை ஆயாவின் போனிலும் போட்டு வையுங்கள். பகலில் நாயோடு வீட்டில் இருப்பது பெரும்பாலும் அவர்கள்தானே.