முதல் டைவ் கம்ப்யூட்டர்: வாங்குவதும் பழகுவதும்

ஸ்கூபா பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியவுடன், சொந்தமாக முதலில் எதை வாங்குவது என்ற கேள்வி எழும். முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் முகமூடி ஒன்றை வாங்கியபின், அடுத்ததாக வாங்க வேண்டியது டைவ் கம்ப்யூட்டர்தான் என்பது என் உறுதியான கருத்து. சிலிண்டரிலிருந்து சுவாசிக்க உதவும் ரெகுலேட்டரையும் மிதவைச் சட்டையையும் பல ஆண்டுகள் வாடகைக்கே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்குக் கணக்கு வைக்கும் கருவி, நீங்கள் இறங்கிய ஒவ்வொரு முறையும் உங்களுடனேயே இறங்கியிருந்தால்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு உண்டு.

இந்தக் கருவி உண்மையில் அளப்பது அழுத்தத்தையும் நேரத்தையும் மட்டுமே. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் அதிகமாகக் கரைகிறது; வேகமாக மேலேறினால் அது குமிழிகளாகி உடலுக்குத் தீங்கு செய்யும். எல்லாத் திசுக்களும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை என்பதால், 1908ஆம் ஆண்டில் ஹால்டேன் என்ற விஞ்ஞானி வெளியிட்ட கணக்கு முறை உடலை ஐந்து வகைத் திசுக்களாகப் பிரித்துக்கொண்டது. இன்று பல கருவிகளில் இயங்கும் பியூல்மன் முறை 16 வகைகளாகப் பிரித்து, அவற்றுள் எதுவும் எல்லை மீறுகிறதா என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது.

பயிற்சியில் கற்ற அட்டவணைக்கும் கருவிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பாடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் பொழுதுபோக்கு முக்குளிப்பு அட்டவணை 18 மீட்டருக்கு 56 நிமிடங்களை அனுமதிக்கிறது. அந்த நேரம் முழுவதையும் நீங்கள் 18 மீட்டரிலேயே கழித்ததாக அது எடுத்துக்கொள்ளும். கருவியோ, நீங்கள் 12 மீட்டருக்கு ஏறிப் பவளப்பாறையின் மேல்விளிம்பில் நீந்தத் தொடங்கியதும் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதால், எஞ்சிய நேரத்தைக் காட்டும் எண் மீண்டும் கூடுவதைக் கண்ணெதிரே காணலாம்.

கூட முக்குளிப்பவரின் கருவியையே இருவரும் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். அவர் பாறைக்கு மேலே இருக்கையில் நீங்கள் இரண்டு மீட்டர் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். காலையில் அவர் இறங்காத ஓர் இடத்தில் நீங்கள் இறங்கியிருப்பீர்கள். அவருடைய கருவிக்கு இவை எதுவும் தெரியாது. இதே காரணத்தால், ஒரே நாளின் நடுவில் கருவியை மாற்றவும் கூடாது.

வாங்கும்போது வசதிகளின் நீண்ட பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். மங்கிய வெளிச்சத்தில் எண்கள் படிக்கத் தெளிவாக உள்ளனவா, தடித்த கையுறையோடு பொத்தான்களை அழுத்த முடிகிறதா, பேட்டரியை நீங்களே மாற்றவோ மின்னேற்றவோ முடியுமா, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்றுக் கலவை) வசதி உண்டா என்று பார்த்தால் போதும். சிலிண்டரின் அழுத்தத்தைக் கம்பியின்றிக் காட்டும் டிரான்ஸ்மிட்டர் நல்ல வசதிதான் என்றாலும், புதியவருக்கு அது அவசியமில்லை.

வாங்கியபின் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மேசையருகே அமர்ந்து ஒவ்வொரு திரையையும் திறந்து பாருங்கள். முக்குளிப்புக்கு முன்னால் கட்டாயம் சரிபார்க்க வேண்டியது வாயு அமைப்பு. சிலிண்டரில் சாதாரணக் காற்று இருக்கையில், முன்பு எப்போதோ வைத்த 32 சதவீத ஆக்சிஜன் அமைப்பு மாறாமல் இருந்தால், கருவி நைட்ரஜனைக் குறைவாகக் கணக்கிட்டு, இல்லாத நேரத்தை இருப்பதாகக் காட்டும். உண்மையில் 32 சதவீதக் கலவையைச் சுவாசிக்கும்போதோ, ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 1.4 வளிமண்டலம் என்ற எல்லைக்குள் நிற்க, 33 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. நன்னீர், உப்புநீர் அமைப்பு தவறினால் காட்டும் ஆழம் சிறிதளவே மாறும் என்பதால், அதற்காகக் கலங்க வேண்டியதில்லை.

நீருக்குள் மூன்று எண்களைப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: ஆழம், கடந்த நேரம், நைட்ரஜன் வெளியேற வழியில் நிற்க வேண்டிய நிறுத்தமின்றி மேலேறுவதற்கு எஞ்சியுள்ள நேரம். கடைசி எண் பூஜ்யத்தைத் தொடும்வரை காத்திருக்கக் கூடாது. நீங்கள் களைத்திருப்பதும், போதிய தண்ணீர் குடிக்காததும், குளிரில் நடுங்குவதும் கருவிக்குத் தெரியாது. ஆகவே குறைந்தது ஐந்து நிமிடங்களாவது மிச்சம் வைத்து மேலேறத் தொடங்குங்கள்.

ஏறும் வேகத்தைக் காட்டும் பட்டையை, பெரும்பாலான புதியவர்கள் எச்சரிக்கை ஒலி எழுந்தபின்னரே கவனிக்கிறார்கள். நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறுவது இன்றைய பொது வழக்கம். 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறும்போது அழுத்தம் கால் பங்குதான் குறைகிறது. 10 மீட்டரிலிருந்து நீர்மட்டத்துக்கு வரும்போது அது பாதியாகிவிடுகிறது. எனவே கடைசி மீட்டர்களில்தான் மிக மெதுவாக ஏற வேண்டும். 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தின்போது, திரையில் 3:00 என்பது இறங்கத் தொடங்கும். அலையில் சற்று மேலே போய்விட்டால் பல கருவிகளில் அந்த எண்ணிக்கை அப்படியே நின்றுவிடும்.

தவறுதலாக எல்லை மீறிக் கட்டாய நிறுத்தம் திரையில் தோன்றினால், பதறாமல் அது சொல்லும் ஆழத்தில் சொல்லும் நேரம் நில்லுங்கள். அதைத் தவிர்த்து மேலே வந்தால், பல கருவிகள் 24 மணி நேரமோ அதற்கும் மேலோ பூட்டிக்கொண்டு நைட்ரஜன் கணக்கைத் தர மறுக்கும். நடுநீரில் கருவியே செயலிழந்தால் அந்த முக்குளிப்பு அத்துடன் முடிந்தது. மெதுவாக ஏறி, நிறுத்தத்தை முடித்து வெளியேறி, அன்று மீண்டும் இறங்காமல் இருங்கள்.

கரைக்கு வந்ததும் நன்னீரில் அலசி, நிழலில் உலர வையுங்கள். பேட்டரியை மாற்றுகையில், நீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் நீர் உள்ளே புகுந்துவிடும்; வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தபின் மூடுங்கள். விமானத்தில் திரும்புவதாக இருந்தால், கட்டாய நிறுத்தமில்லாத ஒரே முக்குளிப்புக்குப் பின் 12 மணி நேரமும், பல முக்குளிப்புகளுக்குப் பின் 18 மணி நேரமும் குறைந்தது காத்திருக்க வேண்டும் என்கிறது டான் (DAN) என்ற முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல். கருவி இதைவிட நீண்ட நேரத்தைக் காட்டினால் அதையே பின்பற்றுங்கள்; கடைசி முக்குளிப்பை எந்த நாளில் வைப்பது என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.