அறம் பேசும் விளம்பர நிறுவனம்: கொழும்பில் குடும்பமாகத் தொழில் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடைப் பக்கங்களில் வீட்டின் மேல்மாடியையோ முன்னறையையோ அலுவலகமாக்கி, அண்ணனும் தங்கையும், அல்லது கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் சிறிய விளம்பர நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுள் சில, இலாபத்தோடு சமூக நீதியையும் நோக்கமாகக் கொண்டு தொழில் செய்கிறோம் என்று வெளிப்படையாகவே சொல்பவை. அப்படிச் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு குடும்ப வரலாறு இருக்கும். 1983 ஜூலை இனக்கலவரத்தில் எரிந்த கடை ஒன்று இருக்கும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, பிறகு புறக்கோட்டைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்த பாட்டனார் ஒருவர் இருப்பார். கடைக் கணக்கை ஆயுள் முழுவதும் எழுதியும் அந்தக் கடையில் ஒரு சதமும் தன் பெயரில் இல்லாத அம்மா ஒருவர் இருப்பார். அந்த வரலாற்றிலிருந்து பிறக்கும் கொள்கையை நான் மிகவும் மதிக்கிறேன். அதனாலேயே அது எங்கே வழுக்கி விழுகிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். கெட்ட எண்ணத்தால் அது விழுவது அரிது. வேலையை ஏற்கும்போதும் விலை போடும்போதும் சம்பளம் கொடுக்கும்போதும் கொள்கை எழுத்தில் இல்லாததால்தான் விழுகிறது. விழும்போது அதன் செலவை வாய் திறக்க முடியாதவரே சுமக்கிறார்.

முதல் தவறு, எந்த வேலையை ஏற்கமாட்டோம் என்பதை வாடிக்கையாளர் வாசலில் வந்து நின்ற பிறகு தீர்மானிக்க முயல்வது. புகையிலைக்கும் மதுசாரத்துக்கும் விளம்பரம் செய்வதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமே தடுத்துவிட்டது. அங்கே நமக்குச் சிரமமில்லை. மீதியைச் சட்டம் தீர்மானித்துத் தராது. சருமத்தை வெளுக்கச் செய்யும் கிறீம், பந்தயச் செயலி, வீட்டுப் பணிக்குப் பெண்களை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பும் முகவர், வறியவருக்குச் சிறு தொகைகளைக் கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனம் ஆகியவற்றை ஏற்பதா விடுவதா என்று முடிவு செய்வது நம் பொறுப்பு.

நுண்கடனைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அந்த விளம்பரம் நம்முடைய மொழியைப் பேசிக்கொண்டே வரும். தையல் இயந்திரத்தின் முன்னால் புன்னகைக்கும் பெண், ‘பெண்களை வலுவூட்டுவோம்’ என்ற வாசகம், வடக்கு கிழக்கில் படப்பிடிப்பு என எல்லாமே நம் நிறுவனத்தின் அறிமுகப் பக்கத்திலிருந்து எடுத்தவைபோல் இருக்கும். ஆனால் போருக்குப் பின்னர் அதே வடக்கு கிழக்கில், ஒருத்தி தவணை கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டினாலும், வாரந்தோறும் வாசலுக்கு வரும் வசூலினாலும், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்துச் சிக்கிய பெண்கள் ஏராளம். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்று நிலுவையாகிப்போன, 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. எல்லாக் கடன் நிறுவனங்களும் ஒன்றல்ல என்பதும் உண்மை. ஆகவே விளம்பரத்துக்கு முன்னர் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேட்க வேண்டும்: எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு? இரண்டு தவணை தவறினால் என்ன நடக்கும்? வசூலிக்கப் போகிறவர் யாருடைய ஊழியர்? இவற்றை வாய்ப் பேச்சில் மழுப்புகிறவருக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

மறுப்புப் பட்டியலை வேலை தாராளமாக இருக்கும் காலத்தில் எழுதி வைக்க வேண்டும். பட்டியலில் இல்லாத சந்தேக வேலை வந்தால், குடும்பத்தில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அதை விட்டுவிடுவது என்றும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வீட்டில் மூத்தவருடைய குரல்தான் ஒவ்வொரு முறையும் வெல்லும்.

பட்டியல் மட்டும் போதாது, மறுப்பதற்குக் கையில் பணமும் வேண்டும். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், அவரிடம் ‘இந்த விளம்பரத்தை நாங்கள் செய்யமாட்டோம்’ என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. இதோடு சேர்ந்த இன்னொரு வழக்கம், வாடிக்கையாளரின் பேஸ்புக், கூகுள் விளம்பரச் செலவை நம்முடைய கடனட்டையில் கட்டிவிட்டு, பிறகு ரூபாவில் வாங்கிக்கொள்வது. 2022இல் இது பலரைச் சாய்த்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. மாதம் 1,000 டொலருக்கு விளம்பரம் போட ரூபாவில் விலை பேசிய நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். பேசியபோது அது 2 இலட்சம். 15 வீதக் கமிஷன் என்றால் கிடைப்பது 30,000 ரூபா. கடனட்டைக் கணக்கு வந்தபோது அதே 1,000 டொலர் 3 இலட்சத்து 60 ஆயிரம். 30,000 ரூபாவுக்காக 1 இலட்சத்து 60 ஆயிரத்தைச் சுமந்த நிறுவனம் அந்த மாதம் எதைத் தள்ளிப்போட்டிருக்கும்? சம்பளத்தைத்தான். விளம்பரக் கணக்கில் வாடிக்கையாளரின் அட்டையையே இணைக்க வேண்டும், அல்லது முழுத் தொகையையும் முற்பணமாக வாங்க வேண்டும். ரூபாவில் கொடுக்கும் ஒவ்வொரு கொட்டேஷனிலும் அது எந்தத் திகதி வரை செல்லும் என்று குறிப்பிட வேண்டும்.

இனி, குடும்ப நிறுவனங்களில் அதிகம் பேசப்படாத தவறுக்கு வருகிறேன். உறவை ஊதியத்துக்கு ஈடாக வைப்பது அது. வீடியோ வெட்டி ஒட்டும் பெறாமகன் இரவு 11 மணிக்கும் கணினி முன்னால் இருப்பான். மாதக் கடைசியில் மற்ற இருவருக்கும் சம்பளம் வங்கிக்குப் போகும். அவன் தயங்கித் தயங்கி “சித்தப்பா, என்ர காசு…” என்று தொடங்குவான். “உனக்கென்ன தம்பி, சாப்பாடும் இருப்பிடமும் இங்கதானே, பிறகு பாப்பம்” என்று பதில் வரும். சித்தப்பா கெட்டவரில்லை; உண்மையாகவே பிறகு பார்க்க நினைக்கிறார். ஆனால் அந்தப் பையனால் தொழில் திணைக்களத்துக்குப் போக முடியாது, ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்லவும் முடியாது. வெளியிலிருந்து வந்த ஊழியருக்கு இருக்கும் கதவுகள்கூட அவனுக்கு இல்லை. உழைப்புச் சுரண்டலைக் கண்டித்து மே முதலாம் திகதி அவன் வெட்டிக் கொடுக்கும் ரீலை அந்த நிறுவனமே தன் பக்கத்தில் போடுகிறது.

இதற்கு மருந்து கணக்கில்தான் இருக்கிறது. ஊழியர் ஒருவருக்கு 60,000 ரூபா சம்பளம் என்று வைத்தால், ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடமிருந்து 8 வீதமாக 4,800 ரூபா கழிக்கப்படும். நிறுவனம் 12 வீதமாக 7,200 ரூபா சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம், 1,800 ரூபா. நிறுவனத்துக்கு உண்மையான செலவு 69,000 ரூபா. கொட்டேஷன் போடும்போது 60,000 என்று கணக்குப் பார்ப்பவர், மிச்ச 9,000 ரூபாவை எங்கிருந்தாவது பிடுங்கவே செய்வார். பெரும்பாலும் அது கட்டப்படாத சேமலாப நிதியாக முடியும். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மைத்துனிக்கும் பெறாமகனுக்கும் இவையெல்லாம் நியமனக் கடிதத்தோடு, அதே அளவில் பொருந்த வேண்டும். வீட்டில் சாப்பிடுவது வேறு கணக்கு. மகப்பேற்று விடுமுறை 84 நாட்கள் என்பதும் அண்ணியாருக்கும் உண்டு. பிள்ளை பிறந்த பத்தாம் நாள் ‘ஒரு கெப்ஷன் மட்டும் பார்த்துத் தாங்கோ’ என்று வட்ஸ்அப்பில் கேட்பதை மார்ச் 8ஆம் திகதியின் வாழ்த்து அட்டை ஈடுசெய்யாது.

பங்குடைமையில் யாருக்கு எத்தனை வீதம், ஒருவர் விலக விரும்பினால் அவருடைய பங்கை எப்படி மதிப்பிடுவது என்பதையும் நல்லுறவு இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். அம்மாமாரின் உழைப்பு எந்த ஆவணத்திலும் இல்லாமல் போனதைக் கண்டுதான் நம்மில் பலர் இந்தத் தொழிலுக்கு வந்தோம். மனைவியின், தங்கையின் பெயர் பதிவுப் பத்திரத்தில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது, பிறருடைய வறுமையைப் படமாக்கி விற்பது. கொழும்பிலிருந்து ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ போய், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுத்து வராத விளம்பர நிறுவனம் குறைவு. அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். முகாமையாளரிடம் அனுமதி கேட்கப்படும், அவர் தலையசைப்பார், வேலையை மேற்பார்க்கும் கங்காணி வந்து இரண்டு பெண்களைக் காட்டி, கொஞ்சம் சிரிக்கச் சொல்வார். ஆங்கிலத்தில் அச்சிட்ட சம்மதப் படிவத்தில் ஒப்பம் வாங்கப்படும். மலையில் நிற்கும் அந்த நேரத்தில் கொழுந்தை நிறுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். பறித்த கொழுந்தின் எடையில்தான் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளக் கணக்கு, முழுப்பேரா அரைப்பேரா என்பது தங்கியிருக்கிறது. மேலிடத்திலிருந்து வந்த சொல்லுக்கு மறுப்புச் சொல்ல முடியாத இடத்தில் பெற்ற ஒப்பத்தைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன்.

நாட்சம்பளத்தை 1,000 ரூபா ஆக்குவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தவர்களின் முகத்தை, ஒரு சதமும் கொடுக்காமல் விளம்பரப் பலகையில் ஏற்றுவது எந்தச் சமூக நீதியிலும் சேராது. வேலை முடிந்த பிறகு, கங்காணி இல்லாத இடத்தில், தமிழில் பேசிச் சம்மதம் கேட்க வேண்டும். படம் எங்கே, எவ்வளவு காலம், எந்தப் பொருளுக்குப் பயன்படும் என்று சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு மொடலுக்கு என்ன கொடுப்போமோ அதையே கொடுக்க வேண்டும். பிறகு வேண்டாம் என்றால் யாரை அழைப்பது என்று ஒரு தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை மீளப்பெறும் உரிமையைப் பேசுகிறது. பிள்ளைகளின் படத்தை, கடனோ நோயோ வெளியாகும் கதையை, எவ்வளவு நல்ல நோக்கத்துக்கானாலும் எடுக்காமலிருப்பதே மேல்.

மொழி விடயத்தில் நாமே நமக்கு அநீதி செய்கிறோம். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் தமிழர் நடத்தும் விளம்பர நிறுவனத்திலும் தமிழ் வாசகம் கடைசி நாள் மாலையில்தான் எழுதப்படுகிறது, ஆங்கிலத்துக்கு வரைந்த வடிவமைப்பில் மிஞ்சிய இடத்தில் சிறிய எழுத்தில் திணிக்கப்படுகிறது. அதற்கென்று தனிக் கட்டணமும் கொட்டேஷனில் இருப்பதில்லை. தமிழ் வாசகத்தைக் கொட்டேஷனில் தனியாகக் குறித்து, தனி விலையும் போட்டு, முதல் வரைவிலேயே அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தமிழ் யாருடையது என்றும் பார்க்க வேண்டும். கொழும்பில் தமிழ் பேசுவோரில் முஸ்லிம்களும் மலையகத்தவரும் இருக்கிறார்கள். குத்துவிளக்கும் வாழையிலையும் மட்டுமே தமிழ் விளம்பரம் என்றால் அவர்களில் பலர் அதில் இல்லை. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னர் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லிச் செய்திகள் பரவிய நாட்களில் அந்தக் கடைக்கார வாடிக்கையாளரோடு யார் தொடர்ந்து வேலை செய்தார்கள் என்பது, எந்த ஒற்றுமை வாழ்த்தையும்விடத் தெளிவாக ஒரு நிறுவனத்தைக் காட்டியது.

‘விற்பனையில் ஒரு பங்கு பாடசாலைப் பிள்ளைகளுக்கு’ என்ற வகை வாசகத்தைக் கணக்கில்லாமல் எழுதக்கூடாது. எத்தனை வீதம், எந்தத் திகதி வரை, எந்தப் பாடசாலைக்கு என்று விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். காலம் முடிந்ததும் கொடுத்த தொகையை வெளியிட வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் உடன்பட வேண்டும். மக்களைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடைசெய்கிறது.

சமூக அமைப்புகளுக்கு இலவசமாக வேலை செய்வதில் ஒரே ஒரு திருத்தம் போதும். இலவச வேலைக்கும் இன்வொய்ஸ் எழுதி, முழு விலையைக் காட்டி, அதை முழுவதும் கழித்து அனுப்ப வேண்டும். அப்போது எத்தனை மணி நேரம் போனது என்பது நமக்கும் தெரியும், வடிவமைப்பில் பதினோராவது திருத்தத்தைக் கேட்பதற்கு முன்னர் அவர்களும் சற்று யோசிப்பார்கள். அந்த மணி நேரத்துக்கான சம்பளம் அதைச் செய்த வடிவமைப்பாளருக்குக் குறையாமல் போக வேண்டும். நன்கொடை கொடுப்பது நிறுவனமே தவிர அவரல்லர். ஆண்டுத் தொடக்கத்தில் இதற்கென ஒரு தொகையை ஒதுக்கி, அது முடிந்ததும் அடுத்து வருகிறவரிடம் அடுத்த ஆண்டு ஜனவரியில் வரும்படி சொல்லிவிடலாம்.