பல்லிகளின் நோயெதிர்ப்பு மரபணு: எங்கே தவறு செய்கிறோம்?

சுவர்ப்பல்லி என்றதும் நமக்கு டியூப்லைட் ஓரம் பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லிதான் நினைவுக்கு வரும். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இருக்கும் போடார்சிஸ் சுவர்ப்பல்லி வேறு வகை. பகலில் கல்சுவரில் வெயில் காயும், கண்ணை மூடித் திறக்க இமையும் உண்டு. இதன் பல இனங்கள் அங்கே அக்கம்பக்கமாக வாழ்கின்றன. எல்லைகளில் சில சமயம் இனம் மாறி இணையும். அப்போது எம்எச்சி எனப்படும் நோயெதிர்ப்பு மரபணுக்களும் கைமாறுகின்றன. இதைப் பற்றிப் பேசும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

முதலாவதுதான் பெரிய சறுக்கல். ஒரே மரபணுவுக்குச் சின்னச் சின்ன மாற்றங்களோடு பல வடிவங்கள் இருக்கும். இரண்டு இனங்களில் ஒரே எம்எச்சி வடிவம் கிடைத்ததும் 'கலப்பில் வந்தது' என்று எழுதிவிடுகிறார்கள். இந்த மரபணுவின் வேலையே கிருமியின் புரதத் துணுக்கைச் செல்லின் மேல் தூக்கிக் காட்டுவது. ஒவ்வொரு வடிவமும் வெவ்வேறு துணுக்குகளைப் பிடிக்கும். அதனால் பல வடிவங்கள் இருப்பதே லாபம், இயற்கைத் தேர்வு அவற்றை லட்சக்கணக்கான ஆண்டுகள் அழியவிடாமல் காக்கிறது. பொது மூதாதையிடம் இருந்த வடிவம், இனங்கள் பிரிந்த பிறகும் இரண்டு பக்கமும் தொடரலாம். மனிதருக்கும் சிம்பன்சிக்கும் இப்படி ஒத்த வடிவங்கள் உண்டு. அப்புறம் எப்படிப் பிரித்தறிவது? எல்லையில் அருகருகே வாழும் கூட்டங்களையும், அதே இனங்களின் தொலைவில் வாழும் கூட்டங்களையும் ஒப்பிட வேண்டும். மூதாதையிடமிருந்து வந்த பழைய சொத்து என்றால், இரண்டு இனத்துக்கும் பொதுவான வடிவங்களின் பங்கு தூரத்திலும் ஏறக்குறைய அதேபோல இருக்கும். எல்லைப் பக்கம் மட்டும் பங்கு கூடினால், கலப்பின் மேல் சந்தேகம் வலுக்கும். மரபணுத் தொகுதியின் மற்ற பகுதிகள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதையும் கூடவே பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது.

ஆய்வகத்திலும் ஒரு பொறி இருக்கிறது. எம்எச்சி மரபணு ஒரு பிரதியாக இருப்பதில்லை, ஒரே பல்லியில் பல பிரதிகள் இருக்கும். மரபணுவை ஆய்வகத்தில் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறையைச் செய்யும்போது இரண்டு வடிவங்களின் பாதிகள் ஒட்டிக்கொண்டு, இல்லாத வடிவம் ஒன்று 'பிறந்துவிடும்'. ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்குத் துளி சிந்தினால் அதுவும் கலப்பு மாதிரியே தெரியும்! ஒரே பல்லியின் மாதிரியை இரண்டு முறை தனித்தனியாகச் சோதிக்காத முடிவை நான் நம்பமாட்டேன்.

'கலப்புக் குட்டிகள் அபூர்வம், எனவே மரபணு கடக்காது' என்பதும் தவறு. போர்ச்சுகலில் போடார்சிஸ் பொகாகேய், போடார்சிஸ் கார்போனெல்லி இனங்கள் சந்திக்கும் இடத்தில் கலப்பினப் பல்லிகள் குறைவுதான், பெரும்பாலானவை ஏதோ ஒரு பெற்றோர் இனத்தையே ஒத்திருக்கின்றன. ஆனால் ஒரு சில கலப்பினங்கள் மீண்டும் ஒரு பெற்றோர் இனத்தோடு இணைந்தாலே போதும், மரபணு கடந்துவிடும். கிருமிகள் பரவலாக உள்ள வடிவங்களுக்குப் பழகிப்போயிருக்கும். புதிதாக வந்த அரிய வடிவத்துக்கு இன்னும் பழகியிருக்காது. எனவே மற்ற அந்நிய மரபணுக்கள் தலைமுறைதோறும் களையப்பட்டாலும் இது நிலைக்க வாய்ப்பு அதிகம். ஐபீரியாவின் (ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதி) போடார்சிஸ் இனங்களில் எம்எச்சி பரவலாகக் கைமாறியிருப்பதாக 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

இதைக் கேட்டு 'பக்கத்து இனத்தின் மரபணு உயர்ந்தது' என்று நினைத்துவிடாதீர்கள். அதன் லாபம் அரிதாக இருப்பதில்தான். நாலு பேரிடம் பரவிவிட்டால் கிருமி அதற்கும் பழகிவிடும். இப்படிக் கைமாறுவதாலும் பழைய வடிவங்கள் தொடர்வதாலும் எம்எச்சியை மட்டும் வைத்து இனங்களின் வம்சாவளி வரைவதும் சரிப்படாது.

கடைசியாக, 'சரி, அப்படியானால் கலப்பு நல்லதுதானே' என்ற அவசரம். இத்தாலியின் ஏயோலியத் தீவுகளில் மட்டும் வாழும் போடார்சிஸ் ரஃபோனேயைப் பாருங்கள். வெளியிலிருந்து வந்த போடார்சிஸ் சிகுலஸ் இடத்தைப் பிடித்துக்கொண்டது, வுல்கானோ தீவில் அதனோடு கலக்கவும் செய்தது. இன்று ரஃபோனே மிக அருகிய இனம். இரண்டு பெரிய கூட்டங்களுக்கு நடுவே ஒரு மரபணு கசிவது வேறு, எண்ணிக்கையில் மிஞ்சிய இனம் சின்னக் கூட்டத்தையே கரைத்துவிடுவது வேறு.