டாக்டர் சீட்டைக் கையில் வாங்கியதும் என்ன செய்ய வேண்டும்? புதிதாக மருந்துக்கடையில் நிற்பவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மருந்துக்கடையில் நிற்கும் பார்மசிஸ்டுக்கு ஒரே மாலையில் மூன்று விதமான சீட்டு வரும். பொள்ளாச்சி டாக்டர் தமிழில் அச்சடித்த லெட்டர்பேடில் எழுதியது ஒன்று, பாலக்காட்டுச் சித்தூர் ஆஸ்பத்திரியின் மலையாள ஓபி சீட்டு ஒன்று, கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சீட்டு ஒன்று. டிப்ளமோ முடித்துப் புதிதாக வந்து சேரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, தமிழ்நாட்டு டாக்டர் எழுதினதுக்கு இங்க கேரளாவுல மருந்து குடுக்கலாமா?"

கொடுக்கலாம். மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டம் 1940-இல் வந்த மத்தியச் சட்டம். அதன் கீழ் 1945-இல் வந்த விதிகளும் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். இரு மாநில எல்லையான வாளையாறு தாண்டினால் டாக்டரின் கையெழுத்து செல்லாமல் போய்விடாது. அந்த விதிகளில் 65-ஆம் விதியை ஒவ்வொரு வரியாகப் படித்துவிடுங்கள். கடையில் நாம் தினமும் செய்கிற வேலையில் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. நான் கீழே சொல்வதும் பெரும்பாலும் அதிலிருந்துதான்.

படி 1: முதலில் உங்கள் பதிவைச் சரிபாருங்கள்

டாக்டர் சீட்டுக்கு எல்லை இல்லை, நம் பதிவுக்கு உண்டு. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி, நீங்கள் எந்த மாநிலத்தில் தொழில் செய்கிறீர்களோ அல்லது குடியிருக்கிறீர்களோ அந்த மாநிலப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். பொள்ளாச்சியிலோ கோவையிலோ படித்துத் தமிழ்நாட்டில் பதிவு செய்திருந்தால், கேரளக் கடையில் சேருமுன் இங்குள்ள பார்மசி கவுன்சிலில் பதிவு வாங்குங்கள். வேறு மாநிலத்தில் பதிவு பெற்றவர் என்பதே இங்கே பதிவு கேட்கத் தகுதிதான், அதனால் பயப்பட வேண்டாம்.

டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பார்மசிஸ்டின் கையாலோ அவருடைய நேரடிப் பார்வையிலோதான் நடக்க வேண்டும். சுவரில் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு ஆள் வீட்டில் இருப்பது பார்வை ஆகாது. சாப்பிடப் போனால்கூட, நான் வரும் வரை சீட்டு மருந்தை எடுக்காதீர்கள் என்று கடைப் பையனிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

படி 2: ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்கள்

எது சீட்டு மருந்து என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அட்டையே சொல்லும். ஆர்எக்ஸ் (Rx) குறி இருந்தால் ஷெட்யூல் எச், அதாவது சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அசித்ரோமைசின், அட்டெனலால் எல்லாம் இதில் வரும். சிவப்பில் ஆர்எக்ஸ் போட்டு, சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருந்தால் எச்1, அதைவிடக் கண்டிப்பான பட்டியல். என்ஆர்எக்ஸ் என்றால் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வருகிற மருந்து. எக்ஸ்ஆர்எக்ஸ் என்றால் ஷெட்யூல் எக்ஸ், அதற்குத் தனி லைசென்ஸே வேண்டும்.

எச்1 பட்டியல் 2013-இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது அதில் 46 மருந்துகள். செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின், மெரோபெனம் மாதிரி ஆன்டிபயாடிக்குகள், ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் மாதிரி காசநோய் மருந்துகள், அல்ப்ரசோலம், டிரமடால், சோல்பிடெம் மாதிரி பழக்கமாகிவிடும் மருந்துகள் என்று மூன்று கூட்டம். ஏன் இவை மட்டும் தனியாக என்று யோசித்தால் காரணம் தெளிவாகத் தெரியும். முதல் இரண்டும் கண்டபடி சாப்பிட்டால் கிருமி பழகிவிடும், மூன்றாவதற்கு மனிதன் பழகிவிடுவான்.

படி 3: சீட்டைப் படிப்பது

இங்கே அவசரப்படாதீர்கள். வரிசை நின்றாலும் பரவாயில்லை.

ஒரு சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும். எழுதியவரின் வழக்கமான கையெழுத்தும் தேதியும் வேண்டும். நோயாளியின் பெயர், முகவரி, மொத்தம் எவ்வளவு மருந்து, எந்த அளவில் என்பதும் வேண்டும். டாக்டரின் பதிவு எண்ணைச் சீட்டில் போட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை சொல்கிறது. எனக்குப் பழக்கமில்லாத டாக்டரின் சீட்டு வந்தால் முதலில் என் கண் போவது அந்த எண்ணுக்குத்தான்.

நடைமுறையில் அதிகம் விட்டுப்போவது மொத்த அளவு. மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் "1-0-1" (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று மட்டும் இருக்கும், எத்தனை நாள் என்று இருக்காது. ஐந்து நாளா, ஒரு மாதமா? வாங்க வந்தவர் "ஒரு அட்டை குடுங்க" என்பார். அவர் சொல்வதை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள். சீட்டில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்து கேளுங்கள். கேட்டதைத் தேதி, நேரத்தோடு குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சீட்டிலேயே எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

எழுத்து புரியாவிட்டால் ஊகிக்கவே கூடாது. ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. கிறுக்கலில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நோயாளியிடம் "என்ன தொந்தரவுக்குப் போனீங்க?" என்று கேட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு மறுபடியும் போன்தான்.

மாட்டு மருந்துக்கும் இதே வழிதான். நம் பகுதியில் கறவை மாடு இல்லாத வீடு குறைவு. கால்நடை மருத்துவர் எழுதிய சீட்டு என்றால் மாட்டுக்குச் சொந்தக்காரரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். அந்த மருந்துகளை மனிதர்களுக்கான மருந்தோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

படி 4: முன்பே கொடுத்தாயிற்றா?

"திரும்பக் கொடுக்கலாம்" என்று டாக்டர் எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. இத்தனை தடவை, இத்தனை நாள் இடைவெளியில் என்று எழுதியிருந்தால் அதன்படி மட்டும். ஏற்கெனவே கொடுத்தாயிற்றா என்று அடுத்த கடைக்காரருக்குத் தெரிய வேண்டாமா? அதற்குத்தான் டாக்டரின் கையெழுத்துக்கு மேலே நம் கடையின் பெயர், முகவரி, கொடுத்த தேதி மூன்றையும் குறிக்கச் சொல்கிறது விதி. ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொள்ளுங்கள், தேதி மட்டும் கையால் எழுதினால் போதும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வேறொரு கடை. ஒரு பாட்டி தூக்கம் வரவில்லை என்று அல்ப்ரசோலம் சீட்டோடு வருவார். "கண்ணு, பத்து மாத்திரை" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். கொடுத்தோம். ஸ்டாம்ப் வைக்கவில்லை. ஒரு நாள் அவருடைய மகள் ஒரு மஞ்சப்பையோடு வந்து மேசையில் கொட்டினார். மூன்று கடை பில், ஒன்பது அட்டை, பாதி காலி. எல்லாம் அந்த ஒரே சீட்டுக்கு. பாட்டி விடிகாலையில் பாத்ரூமில் தலைசுற்றி விழுந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை, நெற்றியில் நாலு தையல். மகள் எங்களைத் திட்டவில்லை. "நீங்க ஒரு முத்திரை வச்சிருந்தா அடுத்த கடைல குடுத்திருக்க மாட்டாங்களேண்ணா" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து என் கையில் ஸ்டாம்ப் இல்லாமல் ஒரு சீட்டும் திரும்பிப் போனதில்லை.

படி 5: எழுதியதைத்தான் கொடுக்க வேண்டும்

டாக்டர் எழுதிய பிராண்ட் நம்மிடம் இல்லை, அதே மருந்து வேறு கம்பெனியில் இருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிடலாமா? ஷெட்யூல் எச், எக்ஸ் மருந்து எழுதிய சீட்டுக்கு அதற்குப் பதிலாக வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது. உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும் கூடாது. விதி 65(11ஏ) இதைச் சொல்கிறது. "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று நீட்டும் பழக்கம் பல கடைகளில் உண்டு, எனக்குத் தெரியும். அதைப் பழகிக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் கேட்டு அவர் மாற்றிக் கொடுத்தால் கொடுங்கள், இல்லையென்றால் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லி அனுப்புங்கள். சீட்டில் பிராண்ட் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரை மட்டும் எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. விலை குறைந்ததை எடுத்துக் காட்டுங்கள்.

படி 6: கொடுக்கும் முன் எழுதுங்கள்

ராத்திரி கடை சாத்தும்போது மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நிச்சயம் தவறிவிடும். கொடுக்கும் அந்த நேரத்திலேயே எழுத வேண்டும் என்பதுதான் விதியும். வரிசை எண், தேதி, டாக்டர் பெயர் முகவரி, நோயாளி பெயர் முகவரி, மருந்து, எண்ணிக்கை, எச் அல்லது எக்ஸ் மருந்தென்றால் கம்பெனி, பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, கடைசியில் பார்மசிஸ்ட் கையெழுத்து. அந்த வரிசை எண்ணைச் சீட்டிலும் போடுங்கள். கம்பெனி பாக்கிங்கிலேயே கொடுக்கும் மருந்துக்கு, இதற்கென்றே வைத்திருக்கும் வரிசை எண் போட்ட பில் புத்தகத்தில் இவை எல்லாம் இருந்தால் தனி ரிஜிஸ்டர் தேவைப்படாது.

எச்1-க்கு மட்டும் தனி ரிஜிஸ்டர், விலக்கு கிடையாது. என் மேசையில் இருக்கும் நீள நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: தேதி, பொள்ளாச்சி டாக்டரின் பெயர், அவருடைய கிளினிக் முகவரி, நோயாளி பெயர், செஃபிக்சிம் 200 மி.கி., 10 மாத்திரை. பேட்ச் நம்பரையும் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன், பின்னால் தேட உதவும். இதை 3 வருடம் பத்திரப்படுத்த வேண்டும். டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால் இந்த நோட்டையும் தட்டில் இருக்கும் ஸ்டாக்கையும் வைத்துக் கணக்குப் பார்ப்பார். அதனால் மாதம் ஒரு முறை நீங்களே பார்த்துவிடுங்கள்.

காசநோய் மருந்து கொடுத்தால் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. 2018 மார்ச்சில் வந்த மத்திய அரசு அறிவிப்புப்படி மருந்துக்கடையும் அந்த நோயாளியின் விவரத்தைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பாதியில் மருந்தை நிறுத்துகிறவர்களைத் தேடிப் பிடிக்க அவர்களுக்கு அது உதவும்.

ஷெட்யூல் எக்ஸ் நம்மைப் போன்ற சிறிய கடையில் பெரும்பாலும் இருக்காது. வைத்திருந்தால் பூட்டிய அலமாரி, சாவி பொறுப்பானவர் கையில், சீட்டு இரண்டு பிரதி. அதில் ஒன்றை 2 வருடம் நாம் வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 7: கவரும் நாலு வார்த்தையும்

அட்டையை வெட்டி நாலு மாத்திரை கொடுத்தால் வெறும் காகிதத்தில் மடித்துக் கொடுக்கக் கூடாது. கவரில் மருந்தின் பெயர், எண்ணிக்கை, கடை பெயர், முகவரி இருக்க வேண்டும். வெட்டும்போது எக்ஸ்பைரி அச்சிட்ட பக்கத்தை வாடிக்கையாளரிடமே விடுங்கள். அப்புறம், தமிழ் படிப்பவரா மலையாளம் படிப்பவரா என்று கேட்டு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை அவர் மொழியில் கவர் மேல் எழுதுங்கள்.

போனில் வரும் சீட்டு

போனிலோ வீடியோவிலோ டாக்டர் நோயாளியைப் பார்ப்பதற்கான தொலை மருத்துவ வழிகாட்டுதல் 2020 மார்ச்சில் வந்தபின், டாக்டர் கையெழுத்திட்ட சீட்டின் படத்தையோ இ-சீட்டையோ நோயாளிக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம். அந்த வழியில் ஷெட்யூல் எக்ஸ் மருந்தும் போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்தும் எழுத முடியாது. அல்ப்ரசோலம் அந்தச் சட்டத்தில் வருவதால், டாக்டர் அனுப்பிய படத்தில் அது எழுதியிருந்தால் நான் கொடுப்பதில்லை. மருந்து அட்டையின் படத்தை மட்டும் காட்டி "இதுதான் வேணும்" என்றால் அது சீட்டே இல்லை.

சீட்டு இல்லாமல் கேட்டால்

கேரளத்தில் 2024 ஜனவரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "ஆபரேஷன் அம்ரித்" என்று சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்யத் தொடங்கியது. மாட்டினால் லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஆனால் இன்ஸ்பெக்டருக்குப் பயந்து மறுப்பதாக வாடிக்கையாளருக்குத் தோன்றினால் அவர் அடுத்த கடைக்குப் போவார். "இது உங்க உடம்புக்கு ஒத்துக்குமான்னு டாக்டர்தானுங்க பாக்கணும்" என்று சொல்லுங்கள். மலையாளம் பேசும் சேச்சிகளிடம் "சீட்டில்லாதெ தரான் பற்றில்ல" (சீட்டில்லாமல் தர முடியாது) என்றால் போதும், சீட்டு என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொது. காய்ச்சலுக்கு வந்த குழந்தை என்றால் உட்கார வைத்துத் தொட்டுப் பாருங்கள், மூச்சு வாங்கினால் உடனே ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓபி நேரத்தை இரண்டு மொழியிலும் எழுதிக் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். "இப்ப போனா டாக்டரைப் பாத்துடலாம், சீட்டோட வாங்க, எட்டரை வரைக்கும் கடை இருக்கும்" என்று சொன்னால் பலர் திரும்பி வருகிறார்கள்.