நிரல் எல்லாருக்கும், பெயர் யாருக்கு? கொழும்பில் வர்த்தகக் குறி பதிவு

நிரலைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் எம்.ஐ.டி. உரிமத்தோடு உங்கள் மென்பொருளைப் போட்டாயிற்று, இனிப் பெயரும் ஊர்ச்சொத்துதானே என்று நினைக்காதீர்கள். உரிமம் நிரலுக்குத்தான். இதே மாதிரி இன்னொரு திறந்த உரிமமான அப்பாச்சி 2.0இன் 6ஆம் பிரிவு வர்த்தகக் குறிக்கு, அதாவது பொருளை அடையாளம் காட்டும் பெயருக்கும் லோகோவுக்கும், அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது, எம்.ஐ.டி. அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. உங்கள் நிரலை யாரும் ஃபோர்க் பண்ணி, அதாவது பிரதி எடுத்துத் தனியாக வளர்த்து, விற்கலாம், அதில் தப்பில்லை, ஆனால் அதை உங்கள் பெயரிலேயே விற்க வருபவரிடம் காட்டக் கையில் பதிவு இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

படிவத்தைத் தொடுமுன் பெயர் யாருடையது என்று தீர்த்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசிச் சண்டை இங்கேதான். வாட்ஸ்அப் குழு உரிமையாளராக முடியாது. ஓர் ஆளோ பதிவு செய்த கம்பனியோ வேண்டும். தொடங்கியவர் பெயரில் பதிவது சுலபம்தான், ஆனால் அவர் நாளைக்கு டொரொண்டோ போய்ப் பதிலே போடாவிட்டால்? வேலை பார்க்கும் கம்பனியின் பெயரிலும் வேண்டாம். சன் என்ற கணினி நிறுவனத்தில் பிறந்த ஹட்சன் என்ற திறந்த மென்பொருள், ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கிய பிறகு பெயர்த் தகராறில் மாட்டி, 2011இல் சமூகம் ஜென்கின்ஸ் என்று புதுப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. பணமும் ஆளும் இருந்தால் உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனி (பங்குகள் இல்லாமல் உறுப்பினர் உத்தரவாதத்தில் நடப்பது) ஒன்றைத் தொடங்குங்கள், அல்லது திறந்த மென்பொருள் திட்டங்களுக்குத் தாய் அமைப்பாக இருக்கும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி போன்ற இலாப நோக்கற்ற அமைப்பில் சேரப் பாருங்கள். தனி ஆள்தான் வழி என்றால், விலகும்போது குறியைக் கையளிப்பேன் என்று சட்டத்தரணியிடம் எழுதி வாங்கி வையுங்கள், சிநேகிதர் என்றால் கட்டாயம் வாங்குங்கள்.

அப்புறம் பெயர். 'தமிழ் விசைப்பலகை' மாதிரிப் பொருளையே சொல்லும் பெயரைப் பதிவது கஷ்டம். ஆப் ஸ்டோர்களிலும், வைப்போ என்ற உலகப் புலமைச் சொத்து அமைப்பின் இலவசத் தரவுத்தளத்திலும் ஒத்த பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள், ஒலிப்பு ஒத்ததையும் சேர்த்து.

விண்ணப்பம் போக வேண்டிய இடம் தேசிய புலமைச் சொத்து அலுவலகம், மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுர கட்டடத்தில் இருக்கிறது. சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். எந்தப் பொருளுக்கு, எந்தச் சேவைக்குக் குறி என்பதை எண்ணிட்ட வகுப்புகளால் சொல்ல வேண்டும்: தரவிறக்கும் மென்பொருளுக்கு வகுப்பு 9, இணையத்தில் சேவையாக ஓடுவதற்கு வகுப்பு 42. வகுப்புக்கு ஒரு விண்ணப்பம், தனிக் கட்டணம், எனவே காசு குறைவென்றால் இப்போது உண்மையில் செய்வதை மட்டும் பதியுங்கள். லோகோ மாறிக்கொண்டே இருக்கும், முதலில் வெறும் சொல்லைப் பதிவதே புத்தி. இங்கே வசிப்பவர் தானே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு உள்ளூர் முகவர் கட்டாயம்.

ஏற்றுக்கொண்டால் வர்த்தமானியில் வரும், ஆட்சேபிக்க 3 மாதம், யாரும் வராவிட்டால் பதிவு. 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இலங்கைப் பதிவு இலங்கைக்கு மட்டும்தான். வேறு நாடும் வேண்டுமானால், இங்கே விண்ணப்பித்து 6 மாதத்துக்குள் அங்கேயும் விண்ணப்பித்தால், பாரிஸ் உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தப்படி இங்கே போட்ட திகதியையே முன்னுரிமையாகக் கோரலாம்.

காத்திருக்கும்போது ரெப்போவில் (நிரலை வைத்திருக்கும் களஞ்சியத்தில்) குறிக் கொள்கை ஒன்றை, அதாவது பெயரை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை, எழுதிப் போடுங்கள். இன்ன மென்பொருளுக்கான பிளக்இன் (கூடுதல் இணைப்பு) என்று சொல்லலாம், சந்திப்புக்குப் பெயரை வைக்கலாம், நிரலை மாற்றி உருவாக்கிய பதிப்பை அதே பெயரில் வெளியிடக் கூடாது, இவ்வளவு போதும். ரொம்ப இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது: பயர்பாக்ஸ் உலாவியை வெளியிடும் மொசில்லாவின் குறி நிபந்தனைகளால் 2006இல் அதன் பெயரை டெபியனில் ஐஸ்வீசல் என்று மாற்றினார்கள், பழைய பெயர் திரும்ப 2016 ஆயிற்று. பெயருக்குப் பக்கத்தில், இது எங்கள் வர்த்தகக் குறி என்று சொல்லும் டி.எம். (™) அடையாளத்தை இன்றைக்கே போடலாம், பதிவானது என்று சொல்லும் வட்டத்துக்குள் ஆர் (®) மட்டும் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு.