அடிமை முறையையும் ஒடுக்குமுறையையும் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிமை முறை என்றதும் நம் வகுப்பறைகளில் அட்லாண்டிக் கடலும் அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களும்தாம் முதலில் வந்து நிற்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 1.25 கோடி மக்களைக் கப்பலேற்றி, அவர்களில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கடலிலேயே சாகவிட்ட அந்த வணிகத்தை நம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும். ஆனால் பாடம் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்தால், அது எங்கோ யாரோ யாருக்கோ செய்த கொடுமை என்ற எண்ணத்துடனேயே மதுரை மாவட்டத்து மாணவர் வகுப்பை விட்டு வெளியேறுவார். நிலத்தோடு ஆள்களையும் சேர்த்து விற்ற ஓலைகள் தமிழ்நாட்டிலும் எழுதப்பட்டன. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் பஞ்சம் தாக்கியபோதெல்லாம் டச்சுக்காரர்கள் பசித்தவர்களை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றி அனுப்பினார்கள். இவற்றைச் சொல்லாமல் விடுவது முதல் தவறு.

ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதும் தவறுதான். "1833-இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தது" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்ந்தால் பாதி உண்மைதான் எஞ்சும். அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கி வைத்தது. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு தந்துவிட்டு, உழைத்தவர்களுக்கு ஒரு காசும் தரவில்லை. இந்தியாவில் 1843-இல் வந்த சட்டமோ, ஒருவரை அடிமை என்று உரிமை கோரும் வழக்கை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்ற அளவில் நின்றது. மனிதரை அடிமையாக வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1862-இல் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே. கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு நாம் 1976 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒழிப்பு என்பது ஒரே நாளில் நடந்து முடிந்ததாகக் கற்றுக்கொடுத்தால், ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிப்போட்டவர் யார், தள்ளிப்போட்டதால் ஆதாயம் அடைந்தவர் யார் என்ற கேள்வி மாணவருக்கு எழவே எழாது.

உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரைக் கற்பிக்கும்போது நேரும் தவறு வேறு வகையானது. 1920 ஏப்ரல் 3 அன்று அங்கே போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். இதைத் "தென்னாட்டு ஜாலியன்வாலாபாக்" என்று ஒரே தொடரில் சொல்லி முடித்துவிடுகிறோம். ஊருக்குப் பெருமை சேர்க்கும் நோக்கில் சொன்னாலும், அந்த ஒப்புமை உண்மையான காரணத்தை மறைத்துவிடுகிறது. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911-இன் திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப்பரம்பரைச் சட்டம், பிறந்த சாதியையே குற்றமாக்கியது. அவ்வூரில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் சாதி ஆண்கள் கைரேகை பதிய வேண்டும்; பதிவானவர்கள் போலீஸின் கண்காணிப்பில் இரவைக் கழிக்க வேண்டும்; வெளியூரில் தங்க வேண்டுமானால் ராத்திரிச் சீட்டு வாங்கி, போன ஊரில் அதைக் காட்ட வேண்டும். உறவினர் வீட்டுச் சாவுக்குப் போவதற்கும் ஒரு துண்டுக் காகிதம் தேவைப்பட்ட வாழ்க்கையை மாணவருக்கு விளக்கினால்தான், ரேகை வைக்க மாட்டோம் என்று ஓர் ஊரே ஏன் எழுந்து நின்றது என்பது புரியும். துப்பாக்கிச் சூட்டை மட்டும் சொல்லிச் சட்டத்தைச் சொல்லாமல் விட்டால் இரக்கம் பிறக்கலாம்; அறிவு பிறக்காது.

நம் பகுதியில் மிகுதியாக நடப்பதும், எனக்கு மிகவும் கவலை தருவதும், ஒரு சமூகத்தின் துன்பத்தை அச்சமூகத்துக்கு மட்டுமே உரிய உடைமையாக ஆக்கிவிடுவதுதான். பெருங்காமநல்லூர் இருக்கும் அதே உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளும் உள்ளன. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்கு எழுந்த எதிர்ப்பால், 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே முறையான உள்ளாட்சி நிர்வாகம் அமையவில்லை. 2006-இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அந்த எதிர்ப்பில் முன்னின்றவர்கள், ரேகைச் சட்டத்தால் தம் பாட்டனாரை இழிவுபடுத்திய அரசை எதிர்த்த மக்களின் வழிவந்தவர்களே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும் ஆசிரியர் இரண்டையும் கெடுக்கிறார். துன்புற்றோர் எவரையும் துன்புறுத்த மாட்டார்கள் என்ற பொய்யையும், பிறரைத் துன்புறுத்தியோரின் துன்பம் கணக்கில் சேராது என்ற பொய்யையும் வகுப்பறையிலிருந்தே அகற்ற வேண்டும். இரண்டு நிகழ்வுகளையும் ஒரே வாரத்தில், ஒரே வரைபடத்தில் வைத்துக் கற்பிப்பது கடினம். பெற்றோர் சிலர் பள்ளிக்கு வந்து கேள்வி கேட்கவும் கூடும். அதற்காகத் தவிர்த்துவிடுவது நேர்மையாகாது.

ஒடுக்கப்பட்டோரை எப்போதும் யாரோ கைப்பிடித்து அழைத்துச் சென்றவர்களாகவே காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. 1939 ஜூலை 8 அன்று, அதுவரை நுழைவு மறுக்கப்பட்டிருந்தோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த நிகழ்வை, அவர்களை அழைத்துச் சென்ற வைத்தியநாத ஐயரின் பெயரோடு நிறுத்திக்கொள்ளும் பாடங்கள் பல. அவருடைய துணிவு பெரிது. ஆயினும் அன்று உள்ளே சென்றவர்களில் தும்பைப்பட்டியைச் சேர்ந்த கக்கனும் இருந்தார் என்பதையும், திரும்பிச் சேரியில்தான் வாழ வேண்டிய அவரைப் போன்றோருக்கே ஆபத்து மிகுதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் நடந்துகொள்ளும் முறையிலும் கவனம் வேண்டும். ஒரு சாதியின் பெயர் பாடத்தில் வரும்போது ஆசிரியரின் பார்வை தன்னை அறியாமல் ஒரு மாணவர் பக்கம் திரும்புகிறது. மற்ற பிள்ளைகள் அதை நொடியில் கவனித்துவிடுகிறார்கள். ஒருவரை அடிமையாகவும் ஒருவரை எஜமானராகவும் நடிக்கச் சொல்வது, அதிலும் வேடத்தைப் பிள்ளைகளே பங்கிட்டுக்கொள்ள விடுவது, ஊரில் இருக்கும் ஏற்றத்தாழ்வை மேடையேற்றுவதில் முடியும். "உங்கள் தாத்தா பட்ட துன்பத்தை எழுதி வாருங்கள்" என்ற வீட்டுப்பாடம், சொல்ல விரும்பாத குடும்பத்தையும் பேச வற்புறுத்துகிறது. அதற்குப் பதிலாகக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் ஒரு பிரிவையோ 1843 சட்டத்தின் ஒரு பத்தியையோ எளிய தமிழில் தந்து, இதை எழுதியவர் யாரைக் கண்டு அஞ்சினார், இதை நடைமுறைப்படுத்த ஊரில் யாருடைய ஒத்துழைப்பு தேவைப்பட்டது என்று கேட்கலாம். எந்த மாணவரும் தன் பிறப்பைப் பற்றி வாய் திறக்காமலே அக்கேள்விக்கு விடை எழுத முடியும்.