தொப்பூர் கணவாயில் என் எரிச்சல் அடங்கிய விதம்

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் சென்றுவரும் எனக்கு, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர் கணவாய் நெடுங்காலம் பகையாகவே இருந்தது. சேலம் நோக்கிய அந்த நீண்ட இறக்கத்தில் பாரவண்டிகளின் பிரேக் சூடேறிப் பிடிப்பு இழப்பதும், ஒரு லாரி கவிழ்ந்தால் பின்னால் வண்டிகள் வரிசையாகத் தேங்கி நிற்பதும் இப்பகுதியினர் அறிந்ததே. அப்படி நிற்கும்போதெல்லாம், காலையில் கோட்டை காமாட்சியம்மனைக் கும்பிட்டுப் புறப்பட்டதையும் மறந்து, 'எனக்கு ஏன் இந்தச் சோதனை?' என்று அவளிடமே மனத்துக்குள் சண்டையிடுவேன்.

ஒருநாள் அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி, பிரசவத்துக்காக மகளைச் சேலத்தில் சேர்த்திருப்பதாகவும், கைப்பேசியில் அழைக்கத் தமக்குத் தெரியாதென்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் அழைத்துக் கொடுத்தேன். "நீ பக்கத்துல இருந்தது நல்லதாப் போச்சு, கண்ணு" என்றார். அன்றுமுதல் 'ஏன்' என்பதை விட்டு, 'இங்கே யாருக்காக' என்று கேட்கப் பழகினேன். (எவரோ ஓட்டுநர் அடிபட்டது எனக்குப் பாடம் புகட்டத்தான் என்று சொல்ல மனம் வரவில்லை, அம்மன் அவ்வளவு சிறியவள் அல்லள்.)

இப்போது அரைமணி நேரம் முன்னதாகப் புறப்படுகிறேன். பையில் கூடுதலாக ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும். வண்டி நின்றதும், முன்னால் அடிபட்டிருக்கக்கூடியவருக்காக வேண்டிக்கொண்டு, பிறகு பக்கத்து இருக்கையைப் பார்க்கிறேன். சென்ற வாரம் அங்கே இருந்தவர் நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார். தண்ணீரை நானே குடித்தேன்.